முனை தெரியாத வயர்: உறையூர் வீடு ஒன்றில் பழைய வயர்களைக் கழற்றிய அனுபவம்

வீட்டில் பயன்படாத வயர் என்றதும் எல்லாரும் நினைப்பது அலமாரியில் கிடக்கும் சார்ஜர் குவியலைத்தான். அதற்கும் வருகிறேன், ஆனால் கடைசியில். கட்டைப்பையில் கிடக்கிற வயர் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். சுவரில் கிடக்கிற வயர் ஆளைக் கொல்லும். திருச்சி உறையூரில் எங்கள் பெரியப்பா வீட்டில் பழைய வயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கழற்றியபோது பார்த்ததை எழுதுகிறேன். இதே நிலைமை உங்கள் வீட்டிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே.

கீழ்த்தளம் 1985 வாக்கில் கட்டியது, மாடி 90களின் கடைசியில் எழுப்பியது. கீழே சுவரில் கட்டையடித்து அதன்மேல் வயர் ஓட்டிய பழைய முறை, மாடியில் சுவருக்குள் பைப் பதித்த வயரிங். பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "சார், இந்த வயரையெல்லாம் எடுப்பீங்களா, இல்ல அதோட சேர்த்தே அடிச்சிடவா?" பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் "சேர்த்தே அடிச்சிடுங்க" என்பதுதான். அதனால்தான் பழைய வீடுகளில் சுவர் நிறத்திலேயே, பெயின்ட் பட்டை பட்டையாகப் படிந்த வயர்கள் ஓடிக்கொண்டிருக்கும், எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுத்துடலாம், ஆனா எது என்னன்னு பார்த்துட்டு எடு" என்றார். வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தமிழ்நாட்டில் டிவியும் போனும் இணையமும் வந்த வரலாறு முழுக்க அந்தச் சுவரில் இருந்தது. ஆகப் பழையது தட்டையான ரிப்பன் போன்ற ஆன்டெனா வயர், கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்துத் தென்மேற்கே திருப்பி வைத்த ஆன்டெனாவுக்கும் அதன் பூஸ்டருக்கும் போட்டது. ஆன்டெனா எப்போதோ போய்விட்டது, வயர் இருக்கிறது. அப்புறம் கேபிள் டிவி வந்த காலத்துக் கருப்புக் கேபிள், அதில் துருப்பிடித்த ஸ்பிளிட்டர். அதன் பக்கத்தில் டிஷ்ஷிலிருந்து இறங்கும் இன்னொரு கேபிள். தொலைபேசிக் கம்பி, 2005க்குப் பிறகு அதிலேயே பிராட்பேண்ட் வந்தபோது ஹாலுக்குப் புதிதாக இழுத்த கம்பி. தெரு ஆபரேட்டர் இணையம் கொடுத்தபோது மாடி மாடியாகத் தாவி வந்த நெட்வொர்க் கேபிள். கடைசியாக ஃபைபர், அது மட்டும்தான் இப்போது பயன்பாட்டில் இருந்தது. இவை போக, கழற்றிவிட்ட ஏசிக்கான கனத்த வயர், பழைய அழைப்பு மணி வயர், கிணற்று மோட்டார் வயர், பழைய இன்வெர்ட்டர் வயர்.

இப்படிச் சேருவதற்கு வீட்டுக்காரர்களின் சோம்பல் காரணமில்லை. புது இணைப்பு கொடுக்க வருகிறவருக்குப் புதியதை ஓட்டத்தான் கூலி. பழையதை எடுக்க அவருக்கு யாரும் காசு தருவதில்லை, அதைத் தொட்டு ஏதாவது அறுந்தால் பழி வேறு. பழைய இணைப்பைக் கொடுத்தவரோ திரும்பி வரப்போவதில்லை. ஆக, ஒவ்வொரு தொழில்நுட்பம் போகும்போதும் பெட்டியை எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிட்டுப் போகிறது.

வயர்மேன் அண்ணன் ஒருவர் கூட இருந்தார், உரிமம் உள்ளவர், அந்தத் தெருவில் பல வீடுகளுக்கு வேலை செய்தவர். அவர் முதலில் சொன்னது இதுதான்: எந்த வயரையும் வெட்டாதே, முதலில் இரண்டு முனையையும் கண்டுபிடி. அப்படிப் பார்க்கும்போது மூன்று வகைதான் இருக்கிறது. இரண்டு முனையிலும் எதனுடனாவது சேர்ந்திருப்பது வேலையில் இருக்கும் வயர், அதைத் தொடவேண்டாம். இரண்டு முனையும் அறுந்து தொங்குவது வெறும் குப்பை. மூன்றாவது வகை, ஒரு முனை மட்டும் எங்கோ சேர்ந்திருந்து மறுமுனை அநாதையாகக் கிடப்பது. உண்மையான ஆபத்து இதில்தான், வீட்டில் இருப்பவர்கள் "அது பழசு, அதுல ஒண்ணும் வராது" என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த வகையைப் பற்றித்தான்.

அந்த வீட்டில் அப்படி இரண்டு இருந்தன.

முதலாவது கிணற்று மோட்டார் வயர். கிணற்றில் தண்ணீர் வற்றி ஆழ்துளைக் கிணறு போட்டபோது அதற்குத் தனி பேனல், தனி வயர் என்று எல்லாம் புதிதாக வந்தது. பழைய மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள். வயரை மட்டும் அப்படியே விட்டு, முனையில் கருப்பு டேப் சுற்றி, கொல்லைப்புறச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார்கள். துவைக்கிற கல்லுக்குச் சற்று மேலே. பல வருட வெயிலில் டேப்பின் பசை காய்ந்து, டேப் சுருண்டு கழன்று, இரண்டு செம்பு முனைகள் பச்சை பூத்து வெளியே தெரிந்தன. மறுமுனையைத் தேடிக்கொண்டு போனால், மெயின் போர்டில் அடுப்படி பிளக் பாயிண்டுக்குப் போகும் ஃபியூஸ் கேரியரிலேயே இதையும் சேர்த்து முறுக்கியிருந்தது. அண்ணன் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார், பல்பு பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிந்தது. தினமும் ஈரக் கையோடு துணி துவைக்கிற இடம். பெரியம்மா கொஞ்ச நேரம் அந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம், "இத்தன வருஷமா இதுமேலதானப்பா ஈரத் துணியப் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

இரண்டாவது அதைவிட மோசம் என்றுதான் நான் சொல்வேன். மாடிப்படிக்குக் கீழே முன்பு இன்வெர்ட்டர் இருந்தது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருக்கும் சாக்கெட்டிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்க, வயரின் முனையில் சாதாரண மூன்று பின் பிளக்கைத்தான் மாட்டுவார்கள். புது இன்வெர்ட்டரை மாடியில் வைத்து, அதே அறை லைன்களோடு சேர்த்தார்கள். பழைய இடத்து வயரைப் பிரிக்கவில்லை. விளைவு என்ன? புது இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் அறை லைன் வழியாகத் திரும்பி, படிக்கட்டுக்குக் கீழே தொங்கும் அந்தப் பிளக்குக்கு வருகிறது. பிளக்கின் பித்தளைப் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு, 230 வோல்ட்டோடு, துடைப்பம் வைக்கிற மூலையில். இதில் இன்னொரு பயங்கரம், மெயின் சுவிட்சை இறக்கினாலும் இது சாகாது, இன்வெர்ட்டர் உடனே பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் "மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்பது பாதி வேலைதான். இன்வெர்ட்டரையும் அணைத்து அதன் வெளியீட்டு வயரையும் உருவிய பிறகுதான் கை வைக்கவேண்டும். யாராவது இதில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நிறைய பேர் அதை மட்டும் நம்பி வேலை செய்கிறார்கள். நியான் டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம், எரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. மர ஸ்டூலில், ரப்பர் செருப்போடு நின்றால் உயிருள்ள வயரிலும் மங்கலாகத்தான் தெரியும், பகல் வெளிச்சத்தில் அதுவும் கண்ணுக்குப் படாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: இரண்டு முனையும் அறுந்த வயர்கூட, உயிருள்ள வயரோடு ஒட்டி நீளமாக ஓடினால், அதில் தூண்டப்படும் சிறு மின்னழுத்தத்தால் டெஸ்டர் லேசாக எரியும், டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஐம்பது, எண்பது வோல்ட் என்று ஏதாவது காட்டும். அங்கேதான் டெஸ்ட் லேம்ப் உதவுகிறது. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான், ஆனால் பல்பு மின்சாரத்தை இழுக்கும், பொய் வோல்ட்டேஜ் உடனே செத்துவிடும். சோதிக்கும் முன்பு வேலை செய்கிற பாயிண்டில் ஒருமுறை, சோதித்த பிறகு அதே பாயிண்டில் இன்னொருமுறை என்று பல்பு எரிகிறதா என்று அண்ணன் பார்த்துக்கொண்டார். நடுவில் பல்பு ஃபியூஸ் போயிருந்தால் செத்த வயர் என்று நினைத்து உயிருள்ளதைத் தொட்டுவிடுவோம் அல்லவா.

மின்சாரம் வராத வயர்களில் எந்த முனை எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுபக்கத்தில் சந்தேகப்படுகிற ஒவ்வொரு ஜோடியிலும் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்துப் பார்த்தால் கத்துகிறதுதான் அது. கேபிள் டிவி வயரில் நடுக்கம்பியையும் வலையையும் சேர்த்துவிட்டால் போதும். இதைச் செய்வதற்கு முன்பும் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளவேண்டும். தொலைபேசிக் கம்பியையும் சாதாரணமாக நினைக்கவேண்டாம், எக்ஸ்சேஞ்ச் பக்கம் இணைப்பு இருந்தால் 48 வோல்ட் டிசி இருக்கும், மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும். சுருக்கென்று இழுக்கும், ஏணியின் மேல் நிற்கிறவருக்கு அதுவே போதும் கீழே விழ.

தொலைபேசிக் கம்பியை எடுப்பதில்தான் வீட்டில் கொஞ்சம் பேச்சு நடந்தது. "அதை மட்டும் விட்டுடேன்பா, ஊர்ல எல்லாருக்கும் அந்த நம்பர்தான் தெரியும்" என்றார் பெரியம்மா. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக் கொடுத்தோம், டோன் இல்லை. செம்புக் கம்பியில் வந்த அந்த இணைப்பு எப்போது செத்தது என்று யாரும் கவனிக்கவே இல்லை, போன் வராததால் யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரே வழி, முறையாக எழுதிக் கொடுத்துச் சரண்டர் செய்வது, போன் வாங்கியபோது கட்டிய வைப்புத்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ரசீது பீரோவில் பத்திரமாக இருந்தது. அந்தக் காலத்தில் போன் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இதையெல்லாம் தொலைக்கமாட்டார்கள்.

இனி கழற்றுவது. சுவருக்கு வெளியே கிளிப் அடித்து ஓடுகிற வயரை எடுப்பது சுலபம், ஆணியைக் கட்டிங் பிளேயரால் நெம்பும்போது பூச்சு பெயராமல் பார்த்துக்கொள்ளவேண்டும், பெயர்ந்தால் பட்டி பார்க்கவேண்டும், எப்படியும் பெயின்ட் அடிக்கப்போகிற நேரம் என்பதால் எங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. சுவருக்குள் பைப்பில் ஓடுவதுதான் யோசிக்கவேண்டியது. அண்ணன் ஒரு பழைய வயரையும் சும்மா உருவவில்லை. வாலில் நைலான் கயிறு கட்டித்தான் இழுத்தார், வயர் வெளியே வந்ததும் அந்தக் கயிறு பைப்பில் தங்கிவிடும், நாளைக்கு ஏதாவது புதிதாக ஓட்டவேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டாம். இது தெரியாமல் வெறுமனே உருவிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ஃபைபரை உள்ளே கொண்டுபோக வழியில்லாமல் சுவரில் துளை போடுகிற வீடுகள் எத்தனையோ. இன்னொன்று, கையால் இழுத்து வரவில்லை என்றால் விட்டுவிடவேண்டும். பலம் கொடுத்து இழுத்தால் அதே பைப்பில் கூட ஓடும் நல்ல வயரின் உறை உராய்ந்து கிழியும், வெளியே தெரியாது, உள்ளேயே ஷார்ட் ஆகும். ஏசி லைனில் அப்படித்தான் ஆனது, வளைவில் சிக்கி வரவில்லை. போர்டு பக்கமும் பாயிண்ட் பக்கமும் இரண்டு முனையையும் பிரித்து, கனெக்டரில் முடித்து, பெட்டிக்குள்ளேயே "பயனில் இல்லை, இரு முனையும் பிரித்தது" என்று சீட்டு ஒட்டி மூடினோம். டேப் மட்டும் சுற்றிவிடுவதை நான் இனி ஒருபோதும் ஏற்கமாட்டேன், டேப்பின் கதியைத் துவைக்கிற கல்லுக்கு மேலே பார்த்துவிட்டேன்.

வயர் போன பிறகு ஓட்டை நிற்கும். இதை யாரும் கண்டுகொள்வதில்லை. மாடியிலிருந்து வரும் கேபிள் நேராகச் சுவர் ஓட்டைக்குள் இறங்கினால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஐப்பசி மழையில் மட்டும் சுவர் ஊறுகிறது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், காரணம் இந்த ஓட்டைதான். வெளிப்பக்கம் எம்-சீல், உள்பக்கம் வெள்ளை சிமென்ட். பயன்பாட்டில் உள்ள ஃபைபரை மட்டும் ஓட்டைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றினோம், தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். எலியும் பல்லியும் வருகிற வழியும் அதோடு அடைந்தது. மொட்டை மாடியிலிருந்து ஹால் வரை நீளும் அநாதைக் கேபிள் இன்னொரு விதத்திலும் கெட்டது. கோடை மழையில் பக்கத்தில் இடி விழுந்தால் அதனால் எழும் திடீர் மின்னழுத்தம் உள்ளே வர அது ஒரு பாதை, டிவிக்குப் பின்னால் சும்மா சொருகி வைத்திருந்தால் டிவியோடு போகும்.

வீட்டுச் சுவர் வரைதான் நம் அதிகாரம். மின்கம்பத்திலிருந்து தொங்கி வருவதை நாமாக வெட்டக்கூடாது, ஏணி போட்டு ஏறவும் கூடாது. அது எந்த லைனோடு உரசுகிறது என்று கீழிருந்து தெரியாது. ஆபரேட்டரைக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்லவேண்டும்.

எடுத்ததெல்லாம் முற்றத்தில் மலையாகக் குவிந்தது. இதைக் காயலான் கடையில் போட்டால் நல்ல காசு வரும் என்று பெரியப்பா கணக்குப் போட்டார். பாதிதான் சரி. கேபிள் டிவி வயரைக் கொஞ்சம் வெட்டி, நடுக்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தோம். மேலே செம்பு நிறம், சுரண்டினால் சாம்பல் நிற எஃகு, காந்தத்தைக் காட்டினால் ஒட்டுகிறது. வலை அலுமினியம். தெரு ஆபரேட்டர் போட்ட நெட்வொர்க் கேபிளைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை, காந்தம் ஒட்டவில்லை, செம்பு பூசிய அலுமினியம். இரண்டுமே செம்பு விலைக்குப் போகாது. ஃபைபர் கண்ணாடி, அதற்கு விலையே இல்லை, வெட்டிய துண்டு விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம், அதைத் தனியாக ஒரு பாட்டிலில் போட்டு மூடவேண்டும். விற்கிற அளவுக்குக் கனத்த செம்பு இருந்தது மோட்டார் லைன் போன்ற மின்சார வயர்களில்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒரு மீட்டரில் 13 கிராம் செம்பு இருக்கும், கடையில் விற்கும் 90 மீட்டர் சுருளுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. அதை உரித்துப் போட்டால் பலன் உண்டு. சார்ஜர் வயரை உரிப்பது வீண் வேலை.

உரிக்கப் பொறுமையில்லாமல் எரிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து எரிக்காதீர்கள், எரிக்கிறவரிடம் கொடுக்கவும் செய்யாதீர்கள். வயர் உறை பிவிசி என்ற பிளாஸ்டிக், பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வரும், கூடவே செம்பும் இருப்பதால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாவதும் கூடும், பழைய வயர் உறைகளில் ஈயமும் கலந்திருக்கும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிக்கிற ஆளும் அவர் பிள்ளைகளும். கடைக்காரரிடம் "உரிப்பீங்களா, எரிப்பீங்களா" என்று நேராகவே கேட்டோம். உரிக்கும் மெஷினைக் காட்டிய கடைக்குத்தான் கொடுத்தோம். அடாப்டர், செட்டாப் பெட்டி, ரிமோட் போன்றவற்றை அங்கே போடவில்லை, அவை மின்கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி இவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது உற்பத்தி நிறுவனங்களின் பொறுப்பு. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் சிலவற்றில் அதற்கென்று பெட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, கட்டைப்பை. நோக்கியா தடித்த பின், மெல்லிய பின், மினி யூஎஸ்பி, மைக்ரோ யூஎஸ்பி, சிவப்பு வெள்ளை மஞ்சள் ஏவி வயர், மானிட்டரின் நீலத் தலை விஜிஏ, பிரின்டர் வயர் என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கட்டியிருந்த ரப்பர் பேண்டுகள் திருச்சி வெயிலில் உருகி வயரோடு ஒட்டியிருந்தன, பிய்த்தால் கருப்புப் பிசின் கையில் வருகிறது. நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது சொருகுகிற பொருள் இன்று இந்த வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் போகட்டும். "எப்பவாவது தேவைப்படும்" என்பதற்கு விதிவிலக்காக வைத்துக்கொண்டவை கொஞ்சம்தான். கம்ப்யூட்டர் பவர் கார்டு, லேப்டாப் அடாப்டருக்கான மூன்று துளை கார்டு, எட்டு வடிவ இரண்டு துளை கார்டு இவற்றில் நல்லதாக ஒவ்வொன்று, ஏனென்றால் இவை பெரும்பாலான கம்பெனிகளின் சாமானுக்குப் பொருந்தும். டார்ச்சும் ஸ்பீக்கரும் இருப்பதால் மைக்ரோ யூஎஸ்பி இரண்டு. டைப்-சி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம், ஆனால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து ஃபைல் போகிறதா என்று பார்த்து, போகாதவற்றில் "சார்ஜ் மட்டும்" என்று எழுதி ஒட்டினோம்.

அடாப்டரில்தான் நிறைய பேர் சாமானைப் பாழாக்குகிறார்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட், பழைய மோடத்துக்கு 9, வேறொன்றுக்கு 5, ஆனால் முனை எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றில் மற்றொன்று அழகாகப் பொருந்தும். நடுப்பின் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் மாறும். எந்தச் சாமானோடு வந்தது என்று தெரியாத அடாப்டரை வைத்துக்கொள்வதைவிடக் கொடுத்துவிடுவது நல்லது. தெரிந்தவற்றில் சாமான் பெயரைப் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிட்டோம். மிச்சமானவற்றை ரப்பர் பேண்டுக்குப் பதிலாகப் பழைய வேட்டியைக் கிழித்த நாடாவால் தளர்வாகக் கட்டி, மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டாயிற்று.

வயரிங் பக்கம் கடைசியாகச் செய்தது, ஃபியூஸ் போர்டை எடுத்துவிட்டு, மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் தானே இறங்கும் எம்சிபியும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டது. கசிவைப் பிடித்து உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி முன்பே இருந்திருந்தால் துவைக்கிற கல்லுக்கு மேலே இருந்த வயர் ஈரத் துணி பட்ட முதல் நாளே வெளிப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. இன்வெர்ட்டர் வழியாக ஓடும் லைன்களுக்கு அதன் வெளியீட்டுப் பக்கம் தனியாக ஒன்று. போர்டுக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், வேலையில் இருக்கும் ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது சுவருக்குள் செத்துக் கிடக்கிறது, எந்தப் பைப்பில் நைலான் கயிறு இருக்கிறது என்று. அடுத்து யார் புது இணைப்பு கொடுக்க வந்தாலும், பழையதைக் கழற்றிக் கொடுத்தால்தான் கூலி என்று பெரியப்பா முதலிலேயே பேசிக்கொள்கிறார். கீழ்த்தளத்தில் அடுப்படிக்கு மட்டும் இன்னும் பழைய அலுமினிய வயர் ஓடுகிறது. அது பயன்பாட்டில் இருப்பதால் இந்த வேலையில் தொடவில்லை, தை பிறந்ததும் மாற்ற அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து தொங்கும் பழைய டிவி கேபிளுக்கு ஆபரேட்டர் இன்னும் ஆள் அனுப்பவில்லை, பெரியப்பா வாரா வாரம் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.